செவ்வாய்க்கிழமைக்காரர்

உட்காரச் சொன்னதற்கு நன்றி மேடம். கரண்டு ரீடிங் எடுக்கிறவனுக்கு அது அடிக்கடி கிடைக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தென்காசியில் ஆயிரத்துச் சொச்சம் வீடுகளுக்குள் போகிறேன். கதவைத் திறப்பார்கள், "கரண்டுக்காரரு" என்று உள்ளே பார்த்துச் சொல்வார்கள், மீட்டர் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார்கள். ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவேன். இருபத்தாறு வருடத்தில் என் பெயரைக் கேட்ட வீடு ஒன்றுகூட நினைவில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. வேலை அப்படி.

பெயர் சங்கரபாண்டி. வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் எதுவும் இல்லை, நடக்கவில்லை. சர்க்கரை கூடிவிட்டது, சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதால் மூன்று வருடம் முன்பு சாரல் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தேன். பல் டாக்டர் ஸ்வாதிதான் அதை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பி இலஞ்சி, குற்றாலம், ஐந்தருவி, செங்கோட்டை என்று சுற்றி வருவோம். நான் எப்போதும் கடைசி. நான் போய்ச் சேரும்போது மற்றவர்கள் டீ குடித்து முடித்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருப்பார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அவர்கள் கால் வேகம் அப்படி.

ஜெஸ்வின் மட்டும் திரும்பி வருவான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இருபத்தொன்பது வயது. கிளப்பிலேயே வேகமானவன் அவன்தான். முன்னால் போய்விட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து என் பக்கத்தில் மெதுவாக மிதிப்பான். "அண்ணாச்சி, இந்த ஏத்தத்தைப் பாக்காதிய. என் டயரை மட்டும் பாருங்க" என்பான்.

ஜூன் மாதம் அவனுக்கு விபத்து நடந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. புளியரை மலையிலிருந்து இறங்கும்போது சாரலில் ரோடு நனைந்திருந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட, எனக்காகப் பின்தங்கி இறங்கியவன் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கித் தடுப்புச் சுவரில் மோதினான். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. நான்தான் பின்னால் வந்தேன், நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். ஆம்புலன்ஸ் வரும் வரை அவன் தலை என் மடியில் இருந்தது. அவன் என் சட்டையை இறுகப் பிடித்திருந்தான். விடவே இல்லை.

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து, தகடு வைத்து, பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு இலஞ்சிக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வாடகை வீடு. பக்கத்தில் வேறு வீடு கிடையாது. அப்பா சின்ன வயதிலேயே இல்லை, அம்மா எப்சிபா போன வருடம் தவறிவிட்டார்கள். அதனால் கிளப்பே குடும்பம் மாதிரி இறங்கியது. ஸ்வாதி வாட்ஸ்அப்பில் முறை போட்டார். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர். எனக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொடுத்தார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை நான் நின்றுகொண்டே இருந்தேன். பழக்கம். "உக்காருங்க அண்ணாச்சி. சாப்ட்டியளா?" என்றான். கால் வீங்கிப் படுத்திருக்கிறவன் என்னைக் கேட்கிறான். அன்று அவனுக்கு முகம் மழித்துவிட்டேன், ரசம் வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போன பிறகு அடுத்த செவ்வாய் வர ஏழு நாள் இருந்தது.

ஒரு மாதம் போனால் யாருக்கும் அலுப்பு வரும், மேடம். கடை இருக்கிறது, பிள்ளை குட்டி இருக்கிறது. ஒருவர் "இந்த வியாழன் முடியாது" என்று போட்டால் நான் எடுத்துக்கொண்டேன். பிறகு வெள்ளியையும் எடுத்தேன். "அண்ணாச்சி, நீங்க இல்லன்னா எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி" என்று ஸ்வாதி எழுதினார். பதினாறு பேர் அதற்குக் கைகூப்பினார்கள். ஜூலை நடுவில் நான் என் ஜாகையையே அங்கே மாற்றிக்கொண்டேன்.

கிதிர் முகம்மது செல்போன் கடை வைத்திருப்பவர். ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணி எடுத்துக்கொண்டு வந்தார். "பய என்ன செய்யுதான்? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருதேன்" என்றார்.

"இப்பத்தான் தூங்குதான்" என்றேன்.

அவன் தூங்கவில்லை. உள்ளே வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். யார் வந்தது என்று கேட்டதற்கு, தேங்காய் வெட்ட ஆள் வந்தது என்று சொன்னேன். பிரியாணியைப் பின்பக்கம் வைத்து நான் சாப்பிட்டேன். சோற்றை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அதன் பிறகு கிளப்பில் ஒரு செய்தி போட்டேன். சைக்கிளையும் கிளப் பனியனையும் பார்த்தால் அவன் கலங்குகிறான், கொஞ்ச நாள் யாரும் வரவேண்டாம் என்று அவனே சொல்கிறான் என்று எழுதினேன். எல்லோரும் புரிந்துகொண்டார்கள். படித்தவர்கள், மனசு என்றால் மதிப்புக் கொடுப்பார்கள். அவன் போன் விபத்தில் உடைந்து, பழுது பார்த்து என் பையில் இருந்தது. உதிரிப்பாகம் வரவில்லை என்று சொல்லி என்னுடைய பழைய பட்டன் போனைக் கொடுத்தேன். அதில் என் நம்பர் மட்டும் இருந்தது. இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் மனப்பாடம்?

ஆகஸ்ட் மாதம் கிளப் சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பார்க்கப் போனது. போட்டோ அனுப்பியிருந்தார்கள். பூவுக்கு நடுவே எல்லோரும் சிரித்துக்கொண்டு, கையில் ஒரு அட்டையைப் பிடித்திருந்தார்கள். 'ஜெஸ்வின், சீக்கிரம் வா' என்று அதில் எழுதியிருந்தது. நான் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுத்தான் அவனுக்குக் காட்டினேன்.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான். "எல்லாருக்கும் சந்தோசந்தான்" என்றான். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் அவன் முதுகில் கை வைத்தேன். "நான் இருக்கேம்லா" என்றேன். அந்த ஒரு மாதத்தை என் வாழ்க்கையில் நல்ல மாதம் என்று சொல்வேன். காலையில் ஒருவனுக்குக் காபி போடவேண்டும் என்று எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதுவரை தெரியாது.

பிசியோ பயிற்சி சொல்லிக்கொடுக்க ரஹ்மத் என்ற பெண் வாரம் இரண்டு நாள் வந்தது. கெட்டிக்காரப் பெண். ஆகஸ்ட் கடைசியில் அவன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட் வரை நடந்துவிட்டான். "இன்னும் ரெண்டு மாசத்துல சைக்கிள்ல ஏறிருவிய சார்" என்றது அந்தப் பெண். அவன் அழுதான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "இனிமே உங்களுக்கு ரெஸ்ட் அண்ணாச்சி. நீங்க உங்க வீட்டுக்குப் போலாம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

மறுநாள் ரஹ்மத்துக்குப் போன் செய்து, சார் பயிற்சியை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறார், இனி வரவேண்டாம் என்றேன். குற்றாலக் காற்றில் சீசன் நேரம் எதுவும் காயாது, மேடம். குளியலறைத் தரையில் இரண்டே நாளில் பாசி பிடிக்கும். நான் தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன். அந்த வாரம் தேய்க்கவில்லை. முதலில் உங்களிடம் அவ்வளவுதான் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. சனிக்கிழமை காலையில் தரையில் சோப்புத் தண்ணீரும் ஊற்றினேன். கைப்பிடிக் கம்பியைச் சுவரோடு பிடித்திருந்த திருகைத் தளர்த்தினேன். என் பையில் எப்போதும் திருப்புளி இருக்கும்.

நான் வெளியே படியில் இருந்தேன். விழுந்த சத்தம் கேட்டது. பிறகு "அண்ணாச்சி" என்று கூப்பிட்டான். நான் உடனே எழுந்திருக்கவில்லை. அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என்னை யாரும் அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

தைத்த இடம் பிளந்து, மறுபடி ஒடிந்த எலும்பு வெளியே தெரிந்தது. கழுவி, துணி வைத்துக் கட்டினேன். "நூத்தியெட்டுக்குப் போடுங்க அண்ணாச்சி" என்றான். போட்டிருக்கிறேன், வண்டி வருகிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டான். திருநெல்வேலி டாக்டரிடம் பேசிவிட்டேன், மாத்திரை போதும் என்று சொல்கிறார் என்றேன். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன். பட்டன் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது, நான் போடவில்லை. திங்கட்கிழமை காய்ச்சல் ஏறிய பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போயிராத" என்றான். நான் போகவில்லை. நான்கு நாளும் அவன் பக்கத்திலேயே இருந்தேன். விரல்கள் கறுத்ததைப் பார்த்தேன். நாற்றத்துக்குச் சாம்பிராணி போட்டேன்.

ரஹ்மத் தன் பல்லைக் காட்ட ஸ்வாதியிடம் போயிருக்கிறது. அவன் கேட் வரை நடந்ததும், இனி வரவேண்டாம் என்று நான் சொன்னதும் பேச்சுவாக்கில் வெளியே வந்துவிட்டது. புதன்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே பதினோரு சைக்கிள் நின்றது. கிதிர் முகம்மது என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் தடுக்கவில்லை.

ஜெஸ்வின் கண்ணைத் திறந்து அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "எல்லாரும் வந்திருக்கியளா?" என்றான். "நீங்கல்லாம் என்னைய மறந்துட்டியன்னுல்லா நெனச்சேன்."

ஸ்வாதி என்னைப் பார்த்தார். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

அவன் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். வருத்தமாக இருக்கிறது. நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் பெயரைச் சொன்னாலே அவன் நடுங்குகிறான் என்கிறீர்கள். அது காய்ச்சல், இறங்கிவிடும். கிளப் ஆட்கள் மறுபடி முறை போட்டிருக்கிறார்களாம். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம் வருவார்கள், எனக்குத் தெரியும். இனிமேல் அவனால் தனியாக இருக்கமுடியாது. அதனால்தான் கேட்கிறேன் மேடம், என்னை எப்போது விடுவீர்கள்?