போய்ச் சேர்ந்தது

பெயர் வைப்பதில் எனக்குக் கைராசி உண்டு என்று சொல்வார்கள். சொந்தக்காரர் வீடுகளில் ஏழு குழந்தைகளுக்கு நான் தேர்ந்து கொடுத்த பெயர்தான். எந்த வீட்டிலும் அதைப் பிறகு மாற்றியதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் முதலில் கேட்டதே அந்தப் பெயரைப் பற்றித்தான்.

பாளையம்பட்டி தாண்டி இருக்கிற இந்த நூற்பாலையில் பதினாறு வருடமாக நான் பர்சனல் ஆபீசர், ஆட்கள் சம்பந்தமான எல்லாம் என் பொறுப்பு. தொண்ணூற்றாறில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி அனுப்ப, மதுரைப் பையன் ஒருவன் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். அதற்கு ‘தூது’ என்று பெயர். யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. “தூது விட்டாச்சா”, “தூது வந்துருச்சு” என்று எல்லோர் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது.

தொண்ணூற்றெட்டில் பெரிய முதலாளி ஒதுங்கி, மகன் பொறுப்புக்கு வந்தார். எல்லாம் புதிதாகத் தெரிய வேண்டும் என்றார். பெயர்ப்பலகை, சீருடை, கடைசியில் தூது. நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். நான் மூன்று வாரம் யோசித்தேன். ‘உறவுப் பாலம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெயரில் மதுரைப் பையன் புதிய புரோகிராமே எழுதிக் கொடுத்தான்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, மைக்கில் நான்தான் அறிவித்தேன். பெயரின் பொருளையும் விளக்கினேன். அப்போது கூட்டத்திலிருந்து எலக்ட்ரீசியன் இருளப்பசாமி கேட்டான்.

“குண்டாத்துலயே தண்ணியக் காணோம். இங்க எதுக்கு சார் பாலம்?”

எல்லோரும் சிரித்தார்கள். சின்ன முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு மாதமாகியும் யாரும் மாறவில்லை. கம்ப்யூட்டரில் பழைய தூதும் இருந்தது, புதிய உறவுப் பாலமும் இருந்தது. எல்லோரும் பழையதையே திறந்தார்கள். கார்டிங் பகுதியில், அதாவது பஞ்சை வாரிச் சீராக்கும் இடத்தில், கிளார்க் தங்கத்தாயை அழைத்துக் காரணம் கேட்டேன்.

“பழசுல ரெண்டு தட்டுல போயிருது சார். புதுசு பேரு கேக்குது, நம்பரு கேக்குது, வணக்கம் போடச் சொல்லுது. அதுவரைக்கும் மெஷினு நிக்குமா?”

மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டதை நான் கவனித்தேன்.

பழையதை அடியோடு அழித்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அழித்தால் எல்லோரும் வேறு வழியில்லாமல் மாறியிருப்பார்கள். யார் மனதார மாறினார்கள், யார் மாறவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் மதுரைப் பையனை வரவழைத்து ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொன்னேன். தூதில் யார் எதை அனுப்பினாலும், அனுப்பியவர் திரையில் ‘செய்தி போய்ச் சேர்ந்தது’ என்று வர வேண்டும். ஆனால் செய்தி என் மேசைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வர வேண்டும்.

“அவசரமா ஏதும் வந்தா சார்?” என்று கேட்டான்.

“நான் பாத்துக்கிறேன் தம்பி” என்றேன். அதில் பொய் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினோரு நாள். கேண்டீனுக்குப் பால் வேண்டும், டியூப்லைட் எரியவில்லை, குடிதண்ணீர்த் தொட்டி காலி என்று சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு நோட்டில் அனுப்பியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வேன். ஆள் வரவில்லை என்று அவர்கள் என்னிடமே முறையிட வரும்போது, “எதில் அனுப்பினீர்கள்?” என்று மட்டும் கேட்பேன். அதற்குப் பிறகு பலர் திருந்தினார்கள். திட்டம் வேலை செய்தது என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து இருபதுக்குத் தங்கத்தாயிடமிருந்து வந்தது. நாலாம் நம்பர் மெஷினில் மூடியைத் திறந்தாலும் ஓட்டம் நிற்கவில்லை, சுவிட்ச் போய்விட்டது, எலக்ட்ரீசியனை அனுப்பவும். நான் நோட்டில் குறித்தேன்.

பத்து ஐம்பதுக்கு அதே செய்தி மறுபடி. குறித்தேன்.

எலக்ட்ரிக்கல் அறை என் அறைக்கு அடுத்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தட்டினாலே கேட்கும். அப்போது இருளப்பசாமி வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தான். ஸ்டோர்ஸ் ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னான் என்று தெளிவாகக் கேட்கவில்லை. பாலம் என்ற சொல் மட்டும் கேட்டது போல இருந்தது.

பதினொன்று இருபத்தைந்துக்கு மூன்றாவது செய்தி. ‘இன்னும் ஆள் வரல. செல்லக்கிளி சுத்தம் பண்ணப் போறா. சீக்கிரம்.’

தங்கத்தாய் மெஷினை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கிளார்க்குக்கு அந்த அதிகாரம் இல்லை. முந்தைய மாதம் அப்படி ஒரு தடவை நிறுத்தச் சொன்னதற்கு மெமோ கொடுத்தவன் நான்.

பதினொன்று நாற்பதுக்கு, அந்த மெஷினில் வேலை செய்த செல்லக்கிளியின் சீருடைக் கோட்டுக் கை உள்ளே சிக்கியது. மீதி ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோன வண்டி காரியாபட்டியைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

மில்லில் நடந்த விசாரணையில் தங்கத்தாய் அழுதாள். “மூணு தடவ அனுப்புனேன் சார். போய்ச் சேர்ந்துச்சுன்னு காட்டுச்சே சார்” என்றாள். எலக்ட்ரிக்கல் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லோர் முன்னாலும் காட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. “எனக்கு எதுவும் வரல” என்று இருளப்பசாமி சொன்னான். அவனும் உண்மையைத்தான் சொன்னான். என் மேசைக் கம்ப்யூட்டரில் இருந்த மூன்றையும் விபத்து நடந்த அன்று மத்தியானமே அழித்திருந்தேன். கடமையில் அலட்சியம் என்று எழுதித் தங்கத்தாயை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான். வாசல் வரைக்கும் அவள் திரும்பித் திரும்பிக் கார்டிங் பகுதியைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மதுரைப் பையன் உங்களிடம் வந்து எல்லாம் சொல்லிவிட்டான் என்பது தெரியும். அதனால் மறைக்க எதுவும் இல்லை. மூன்று செய்திகளையும் படித்தேன். புரிந்துதான் படித்தேன். தடுப்பைத் தட்டவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை வைத்து என்னைக் கெட்டவன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். செல்லக்கிளி இறந்த ஏழாம் நாள் திருச்சுழி பஸ் பிடித்து அவள் வீட்டுக்கு மில்லிலிருந்து போன ஒரே ஆள் நான்தான். மழையில்லாமல் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் மில் வண்டிக்கு ஏன் ஓடி வருகிறார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவள் புருஷன் நல்லமுத்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இம்புட்டு வெயில்ல பஸ்ஸு ஏறி வந்தீகளே சார். வேற யாருக்கு வரும் இந்த மனசு?”

அவள் அம்மா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “சார் ரொம்ப நல்லவுகன்னு கிளி சொல்லும்” என்றாள்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. பெரியவர்கள் எல்லோரும் தரையில் இருந்தார்கள். நாற்காலியைத் துடைத்து எனக்குத்தான் போட்டார்கள். குற்றம் செய்தவனாக இருந்தால் அப்படிப் போடுவார்களா, ஐயா?