அறுபது லிட்டர் கடல்

சின்ன இடத்துக்குச் சின்ன மீன் தொட்டி சுலபம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், மேடம். கடல் மீன் தொட்டியில் விஷயம் தலைகீழ். தண்ணீர் நிறைய இருந்தால் நாம் செய்யும் தப்பை அது தாங்கிக்கொள்ளும். குறைவாக இருந்தால் உப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பல்லாவரத்தில் கடை வைத்திருக்கும் டேனியல் முதல் நாளே இதைச் சொன்னார்.

"நூறு லிட்டருக்கு மேல போங்க சார். சின்ன டேங்க்னா தினமும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கணும். முடியுமா உங்களால?"

முடியும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதில் எனக்கு ஏழு வருடப் பழக்கம்.

கீழ்வீட்டு சிட்டிபாபு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னது உண்மைதான். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் துரைராஜ். வயது நாற்பத்தொன்பது. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிறேன். கீழ்க்கட்டளையில் இரண்டாவது மாடி வீடு, ஒரு ஹால், ஒரு படுக்கையறை. நானும் அக்கா சுபத்ராவும் மட்டும். அக்கா பம்மலில் டீச்சராக இருந்தவள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய் வந்து வேலையை விட்டாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் படிக்கவைத்தது அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்காகத்தான் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹாலில் அவளுடைய கட்டில். அதை ஒட்டி ஆக்சிஜன் மெஷின். சில விநாடிக்கொரு முறை அது பெருமூச்சு விடும். ஏழு வருடமும் விட்டது. குளிக்கும்போதும் கேட்கும், சாப்பிடும்போதும் கேட்கும், ஆபீஸில் கேட்காதபோதும் கேட்கும். அவளைத் தனியாக விட்டு ஒரு இரவு வெளியே தங்கியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை வண்டியில் முக்கால் மணி நேரம். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. அதனால்தான் நல்ல தண்ணீர் மீன் வேண்டாம், கடல்தான் வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். சரியாகத் தெரியவில்லை.

மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இரண்டடிக்கு ஒன்றரையடி இடம் இருந்தது. மூன்று முறை அளந்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறு அங்குலம் வைத்தால் அறுபது லிட்டர் பிடிக்கும். கல், மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து எண்பது கிலோவைத் தாண்டும் என்பதால் பழைய டிவி ஸ்டாண்டை நம்பாமல் இரும்பில் ஒன்று செய்யச் சொன்னேன். அக்காவிடம் தயங்கித்தான் கேட்டேன்.

"வாங்கிக்கோடா," என்றாள். "டிவி பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு. எனக்கும் பாக்க ஏதாவது வேணும்ல?" கட்டிலை அரையடி தள்ளிப்போடச் சொன்னதும் அவள்தான்.

கடல் தொட்டியில் முதல் நாளே மீன் விட முடியாது. உப்பைக் கரைத்து, கல்லை அடுக்கி, ஆறு வாரம் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை மட்டும் ஓடவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கல்லில் குடியேற வேண்டும். பிற்பாடு மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைப்பவை அவைதான். "மோட்டார் ரொம்ப நேரம் நின்னா எல்லாம் செத்துரும் சார். திருப்பி மொதல்லேர்ந்துதான்," என்று டேனியல் எச்சரித்திருந்தார்.

அக்கா தினமும் கேட்பாள், "மீன் எப்போடா?" வெறும் கல்லையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கல்லோடு வந்த கடுகளவு நத்தை ஒன்றை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினாள், நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு.

ஐந்தாவது வாரத்தில் அந்த மழை வந்தது. திங்கட்கிழமை விடியும்போது கரண்ட் போய்விட்டது. ஏரித் தண்ணீர் தெருவில் இடுப்பளவு. கரண்ட் வர இரண்டு நாள் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். அக்காவை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினேன். மதியம் ஒரு மணிக்கு அது காலியானது.

அதற்குப் பிறகு இருந்தது இன்வெர்ட்டர், ஒரே பேட்டரி. மெஷினைப் போட்டால் மூன்று மணி நேரம் தாங்கும். தொட்டி மோட்டாரை மட்டும் போட்டால் ஒன்றரை நாள் தாங்கும். மெஷினுக்குக் கொடுத்தால் மூன்று மணி நேரத்தில் இரண்டும் போய்விடும், தொட்டிக்குக் கொடுத்தால் ஒன்றாவது மிஞ்சும். இப்படித்தான் யோசித்தேன், மேடம். அப்போது அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஒன்றேகாலுக்கு சிட்டிபாபு வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். கதவைப் பாதிதான் திறந்தேன்.

"சார், ரெஸ்க்யூ போட்டு வந்துகினு கீது. அக்காவ மொதல்ல ஏத்திடலாமா? நாலு பேரு கீறோம், கட்டிலோட தூக்கிடுவோம்."

"வேணாம்பா. மெஷின் இன்வெர்ட்டர்ல ஓடுது."

"சத்தமே கேக்கலியே சார்?"

"உள்ள ரூம்ல வச்சிருக்கேன். முடியாதவங்கள ஏத்துங்க, பாவம்."

அவர் தயங்கி நின்றுவிட்டுப் போனார். இதைத்தான் எட்டு மாதம் மனதில் வைத்திருந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார். அக்காவும் இதைக் கேட்டாள். கட்டிலிலிருந்து கதவு எட்டடி தூரம்தான். பொய் என்று சொல்வதற்கு மூச்சு வேண்டும்.

பிறகு ஒரு தடவை, "டேய்... பிளக்கு," என்றாள். "ஒரு நிமிஷம்க்கா," என்றேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையைப் பிடித்திருந்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். நான் அவளைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியொரு அமைதி அந்த வீட்டில் ஏழு வருடத்தில் இருந்ததில்லை. எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. அவ்வளவு களைப்பு.

டாக்டர் வந்து பார்த்து இறப்புச் சான்றிதழ் எழுதிக்கொடுத்தார். நோய் முற்றியிருந்தது, மழை, கரண்ட் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் என் தோளில் கை வைத்து, நீயும் எவ்வளவுதான் செய்வாய் என்றார்கள். நானும் அதை நம்பினேன். இரண்டு வாரம் கழித்து மீன் விட்டேன். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி. நன்றாக இருக்கின்றன. நான் உள்ளே போய்விட்டால் ஆவியாகிப் போவதற்கு ஈடாகத் தினமும் ஒரு லிட்டர் உப்பில்லாத தண்ணீர் ஊற்ற யாராவது வேண்டும். டேனியலிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை சிட்டிபாபுவும் அறிய மாட்டார்.

இரண்டு நாள் ஆகும் என்ற கரண்ட் அன்றே மூன்று நாற்பதுக்கு வந்துவிட்டது. ஃபேன் சுற்றியது. மெஷின் தானாக ஓடாது, பட்டனை அழுத்த வேண்டும். அக்காவுக்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கையைக்கூட மெஷின் பக்கம் கொஞ்சம் தூக்கினாள். நான் எழுந்து முதலில் தொட்டிக்குப் போனேன். அதன் விளக்கைப் போட்டேன். உப்பை அளந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சந்தேகமாக இருந்ததால் மறுபடியும் அளந்தேன். அவசரப்படவில்லை. பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள், மேடம். கரண்ட் இல்லாததால் இறந்தாள் என்று அந்தச் சான்றிதழில் இருப்பதையும் திருத்திவிடுங்கள். கரண்ட் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.