தூள் பறக்காத ஆட்டம்

மலாயாவில், பத்து பாகாட் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் ஐஸ் கடையில் ரம்பத்தால் ஐஸ் அறுக்கிறவர். அவர் காலடியில் கோணிக்குள் ஒரு ஐஸ் கட்டி சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் படக்கொட்டகையில், படத்துக்கு முன்பு ஓடிய செய்திப்படத்தில், பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டியைப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் தகராறு.

“மத்த ரெண்டு பேரும்தாண்ணே ஒசரமாக் குதிச்சாங்க. பரிச இந்த மூணாவது ஆளுக்கு எதுக்குக் குடுத்தாங்க?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“குதிச்சாப் போதாது லா. அவனுங்க திரும்புறப்பல்லாம் ஐஸ் தூளாப் பறந்துச்சு. நான் அறுக்குறப்ப அவ்வளவு தூள் பறந்தா மொதலாளி வேலைய விட்டே தூக்கிருவாரு. இவன் கால் போன எடத்துல ஒரு கோடு, அவ்வளவுதான். இவன்தான் ஐஸ் தெரிஞ்சவன்.”

“சரி, அப்ப இவன்தான்.”

ஐஸ்காரர் வெளியே வெயிலைப் பார்த்தார்.

“ஆட்டம் கெடக்குது. அம்புட்டு ஐஸ் விரிஞ்சு கெடந்துச்சே, உருகாம இருக்க மேல மரத்தூள்கூடப் போடல. ஒருத்தருக்கும் அவசரமே இல்ல. அது மேல ஒரு நாள் முழுக்க சும்மா நிக்கணும்யா.”

பிறகு குனிந்து கோணியைத் தடவிப் பார்த்தார்.

“டிரைவரண்ணே, கொஞ்சம் வெரசா விடுங்க!”