ஹாலோ லேக் ஊரின் ஒற்றைச் செருப்புகள்

தலைமை இருக்கையில், என் வறுத்த மாட்டிறைச்சியை மூன்றாம் முறையும் கேட்டு வாங்கி உண்டுவிட்டு, இப்போது மூச்சுவிடச் சற்றே சிரமப்பட்டுக்கொண்டிருக்கும் நகரத் தலைவர் அம்ப்ரோஸ் டட்டில் அவர்களே! அவருக்கு வலப்புறத்தில், ஜெபம் முடியும் முன்னரே ரொட்டியைப் பிய்த்ததை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் போதகர் ஐயா அவர்களே! மண்ணுக்கு அடியிலே இருளைக் குடைந்து, மலையை உடைத்து, வெள்ளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் சுரங்கத் தோழர்களே! அவர்கள் கொண்டுவரும் கரியையும் சேற்றையும் துவைத்துத் துவைத்துக் கை காய்த்துப்போன தாய்மார்களே! முதல் வரிசையிலே, என் கண்ணில் படாமல் இருக்கத் தூணுக்குப் பின்னால் தலையைச் சாய்த்திருக்கும் இறைச்சிக்கடை டோபியாஸ் ஹக்கின் அவர்களே! உங்களிடம் கடைசியில் வருகிறேன், எழுந்து போய்விட வேண்டாம். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, உடைந்த காலை நாற்காலியில் நீட்டி அமர்ந்திருக்கும் போர்ட் மெர்வின் அணியின் ஆட்டக்காரர், நம் எதிராளி, என் வீட்டு விருந்தாளி, ஹெக்டர் பெய்ன் அவர்களே! எல்லோருக்கும் மேலாக, இந்தக் குளிர்காலம் முழுவதும் இந்த ஊரின் பெயரை நெஞ்சிலே தைத்துக்கொண்டு பனியிலே பறந்த நம் பனித்தள ஹாக்கி அணியின் ஏழு வீரர்களே! உங்கள் அனைவருக்கும் ஹனோரா க்ரிமின்ஸின் அன்பான வணக்கம்!

தலைவர் என்னை மேடைக்கு அழைக்கும்போது காதோடு காதாக ஒன்று சொன்னார். "க்ரிமின்ஸ் அம்மா, ரெண்டே ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துடுங்க" என்றார். அப்படியே ஆகட்டும். சாப்பிட்டீர்களா? நன்றி! அவர் கேட்ட இரண்டு வார்த்தை முடிந்தது. இனிமேல் பேசப்போவது முழுக்க என் சொந்தப் பொறுப்பில்.

யாரது அங்கே, "பீன்ஸ் தீஞ்சிருந்துச்சு" என்று கத்துவது? தீய்ந்ததென்றால் தட்டு ஏனப்பா வழித்து வைத்ததுபோல் இருக்கிறது? உட்கார்!

நண்பர்களே, நாளைக் காலை ரயில் வருகிறது. அந்த ரயிலில் நம் அணித்தலைவர் யூவர்ட் கினார்ட் ஏறுவதாக இருக்கிறது. நம்மோடு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. தெற்கே உள்ள பெரிய நகரத்து அணி ஒன்று அவரை வா வா என்று அழைக்கிறது. போகட்டும், அது அவர் உரிமை. ஆனால் நான் கேட்கிறேன்: இந்த மண்டபத்தில் இவ்வளவு பேர் இருக்கிறீர்களே, இவ்வளவு நேரமாகத் தின்கிறீர்களே, இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறீர்களே, ஒருவராவது அவர் பக்கத்தில் போய், "இருந்துவிடு அப்பா" என்று சொன்னீர்களா? சொல்லவில்லை! ஏன் சொல்லவில்லை? மனமில்லாமலா? இல்லை. வெட்கம்! அந்த வெட்கத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

டிசம்பரில் அவர்கள் ஏழு பேரும் ரயிலைவிட்டு இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு மட்டை, ஆளுக்கு ஒரு பை. சம்பளத்துக்கு ஆடும் அணி என்பது அன்று நமக்குப் புதிது. அதற்கு முன் நம் பையன்களே ஆடினார்கள், அழகாகத் தோற்றார்கள். நான் இவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தேன். மறுநாள் இறைச்சி வாங்கப் போனால், கத்தியைத் தீட்டிக்கொண்டே ஹக்கின் அவர்கள் என்னிடம் கேட்டது இது:

"என்ன க்ரிமின்ஸ் அம்மா, கூலிக்கு வந்த மாப்பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?"

"நல்லாத்தான் திங்குறாங்க. நல்ல துண்டா வெட்டு."

"திங்காம என்ன பண்ணுவானுங்க? காசுக்கு வந்தவனுங்க. பனி உருகுறதுக்குள்ள காச எண்ணிக்கிட்டுக் கிளம்பிருவானுங்க. இந்த ஊரு மேல அவனுங்களுக்கு என்ன ஒட்டு, என்ன உறவு?"

ஹக்கின் அவர்களே, தூண் உங்களை முழுதாக மறைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். இரண்டாவதில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கோல் காப்பவர் நின்றுகொண்டே காக்க வேண்டும், முட்டி போடக்கூடாது, படுக்கக்கூடாது என்பது விதி. நம் கோல்காவலர் தெலஸ்ஃபோர், சறுக்கி வந்த ரப்பர் வட்டைத் தடுக்கப் போய் வழுக்கி, முழு நீளத்துக்கு விழுந்தார். நடுவர் ஓடிவந்து, "ஏய்! வேணும்னேதானே விழுந்தே?" என்றார். இவர் படுத்தபடியே, "ஐயா, நான் விழலைங்க. பனிதான் வா வான்னு இழுத்துச்சு. அதக் கேளுங்க மொதல்ல" என்றார். களத்துக்கு வெளியே தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தார், அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது. அன்று இரவு என் மேசையில் அவர் பட்டாணி சூப்பைத் தொடவில்லை. தெலஸ்ஃபோர் பட்டாணி சூப்பைத் தொடவில்லை என்றால் துக்கம் எவ்வளவு என்று தாய்மார்களுக்குப் புரியும்!

அதன்பிறகு? அதன்பிறகு ஆடினார்கள் ஐயா ஆடினார்கள்! வந்த அணியை வென்றார்கள், வென்ற அணியை விரட்டினார்கள், விரட்டிய அணியை ஊருக்கு வெளியே போயும் வீழ்த்தினார்கள்! சவரக்கடையில் அவர்களிடம் காசு வாங்க மறுத்தார்கள். பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு யூவர்ட் என்று பெயர் வைத்தீர்கள். பெண் பிள்ளைக்கே வைக்கப் பார்த்த ஒருவர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், மனைவி தடுத்துவிட்டாள். அதே ஹக்கின் அவர்கள், கேட்காமலே சிறுநீரகத்தையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக்கொடுத்து, "நம்ம பசங்களுக்கு" என்றார். கவனியுங்கள், டிசம்பரில் "காசுக்கு வந்தவனுங்க." பிப்ரவரியில் "நம்ம பசங்க."

அப்புறம் வந்தது மார்ச். வந்தது போர்ட் மெர்வின் அணி. வென்றவருக்கு வெள்ளிக் கிண்ணம் என்ற கடைசி ஆட்டம். நம் ஊர்ப் பனித்தளத்தில் நடந்த ஆட்டம்.

பனித்தளமா அது? தகரக் கூரைக்குக் கீழே ஒரு குளம்! வெளியே வெயில் அடித்து, கூரை ஒழுகி, பனி இளகி, வட்டு போன வழியெல்லாம் தண்ணீர் தெறித்தது. ஆட்டக்காரர்கள் உட்காரும் பலகையில், சூடான செங்கற்களும் தேநீர்க் கெண்டியுமாக நான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் நான்கு கோல், நாம் நான்கு கோல். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஹெக்டர் பெய்ன் அவர்கள் வட்டோடு பறந்து வந்தார். அவரை யாரும் இடிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. கூரை ஒழுகிய இடத்தில் பனி சேறாகக் கிடந்தது. அதில் அவருடைய காலணியின் சறுக்குக் கத்தி சொருகி நின்றது. கால் நின்றுவிட்டது, ஆள் நிற்கவில்லை. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

விழுந்தவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கும் வழக்கம் நம் ஆட்டத்தில் இல்லை. ஆனால் வேறொரு வழக்கம் உண்டு. அவர்களில் ஒருவன் அடிபட்டுப் போனால், நாமும் ஒருவனை வெளியே எடுப்போம். ஆளுக்கு ஆள் சமம். நம் பையன்கள் காசில்லாமல் ஆடிய நாளிலிருந்து இருந்துவரும் மரியாதை அது. இந்த ஆண்டுதான், "எடுப்பதும் எடுக்காததும் அணித்தலைவர் விருப்பம்" என்று மாற்றினார்கள்.

ஊரே எழுந்து நின்றது. என்னவென்று கத்தியது? ஹக்கின் அவர்களின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது: "டேய் கினார்டு! ஆள எடுக்காத! ஏழு பேரும் நில்லுங்கடா, போட்டுத் தாக்குங்க!" இன்னொரு குரலும் கேட்டது. கனமான குரல், பதவியில் இருப்பவருடைய குரல்: "ஆள எடுக்கணும்னு சட்டத்துல சொல்லலைய்யா! சட்டத்துல சொல்லவே இல்ல!" தலைவர் அவர்களே, தண்ணீர் வேண்டுமா? இருமுகிறீர்களே.

கினார்ட் நடுவரிடம் போனார். "அவங்க பக்கம் களம் பூரா சுத்தி ஆடுற ஆள் போயிட்டான். எங்க பக்கம் அந்த ஆள் நான்தான். நான் வெளியே போறேன்" என்றார். கேட்டீர்களா? அணியிலேயே சுமாரான ஆளை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் யார் குறை சொல்ல முடியும்? சிறந்தவனுக்குச் சிறந்தவன் என்று தன்னையே எடுத்தார். மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உடனே வந்து விழுந்தது ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு மழை! சேற்றுக்காக நீங்கள் காலணிக்கு மேலே மாட்டிக்கொண்டு வரும் ரப்பர் செருப்பு! காலிலிருந்து கழற்றிக் கழற்றி எறிந்தீர்கள். ஒன்று என் தேநீர்க் கெண்டியைக் கவிழ்த்தது. ஒன்று அவர் தோளில் பட்டது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

நான் கேட்டேன், எனக்கும் கோபம்தான்: "ஏன்யா இப்படிப் பண்ணே? கிண்ணம் கைக்கு வர்ற நேரத்துல!"

அவர் பனியைப் பார்த்தபடியே சொன்னார்: "அவன் விழுந்தது நம்ம ஊரு பனியிலம்மா. நம்ம ஊரு கூரை ஒழுகி, நம்ம ஊரு தண்ணி அவன் கால ஒடிச்சிருக்கு. விருந்துக்கு வந்தவன நம்ம ஊரே தள்ளிவிட்டுட்டு, அப்புறம் ஆள் அதிகமா நின்னு அடிச்சா, அந்தக் கிண்ணத்த நம்ம ஊர்ல எங்கம்மா வைக்கிறது?"

நம்ம ஊரு! நம்ம ஊரு! நம்ம ஊரு! காசுக்கு வந்தவர், கூலிக்கு வந்தவர், ஒட்டில்லாதவர், உறவில்லாதவர், அவர் வாயிலே "நம்ம ஊரு"! அந்த நேரத்தில் நம்ம ஊர் என்ன செய்துகொண்டிருந்தது? அடுத்த செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது!

தோற்றோம். கடைசி வட்டு தெலஸ்ஃபோரின் முட்டிக்குக் கீழே தாழ்ந்து வந்தது. விழுந்திருந்தால் தடுத்திருப்பார். அவர் விழவில்லை. "நின்னுக்கிட்டேதாம்மா தோத்தேன்" என்றார் வீட்டுக்கு வந்து. அன்று பட்டாணி சூப்பை மூன்று கிண்ணம் குடித்தார், அதனால் அவர் மனம் சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மாடியறையில் பெய்ன் படுத்திருந்தார். கினார்ட் தினமும் அவருக்குச் சூப் கொண்டுபோனார், சீட்டு ஆடினார், தோற்றார். பெய்ன் அவர்களே, சீட்டில் நீங்கள் ஏமாற்றுவது அவருக்கு முதல் நாளே தெரியும்!

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஊர்க்காரன் என்றால் யார்? இங்கே பிறந்தவனா? இந்த ஊருக்கே இன்னும் பத்து வயது ஆகவில்லையே! தலைவர் டட்டில் அவர்களே, நீங்கள் எதற்கு வந்தீர்கள்? வெள்ளி விற்க. ஹக்கின் அவர்களே, நீங்கள்? மாடு விற்க. நான்? உங்களுக்கெல்லாம் சோறு விற்க. சுரங்கத் தோழர்களே, இந்தக் குளிரை விரும்பியா வந்தீர்கள்? நாம் எல்லோரும் காசுக்கு வந்தவர்கள்! காசுக்கு வந்து, கஷ்டப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரன் செத்தால் குழி வெட்டி, பிள்ளை பிறந்தால் பால் கொடுத்து, அப்படித்தான் ஊரானோம். கினார்ட் அவர்களும் அப்படித்தான் ஆனார். நமக்கு முன்பே நம்மைவிட நன்றாக ஆனார்!

தெலஸ்ஃபோர், அந்த மூட்டையைக் கொண்டு வா அப்பா. இங்கே, மேடைமேல் கவிழ்.

பார்த்தீர்களா? அன்று பனியில் கிடந்ததையெல்லாம் நான் பொறுக்கி வைத்தேன். எல்லாம் ஒற்றைச் செருப்பு. கேட்டு வாங்க வெட்கப்பட்டுக்கொண்டு, இந்த மார்ச் மாதச் சேற்றில் ஊரே ஒரு கால் நனைந்து, ஒரு கால் காய்ந்து நடந்துகொண்டிருக்கிறது! தேவாலயத்துக்கு நீங்கள் வருவதை நான் பார்க்கிறேனே, பாதி ஊர் நொண்டியடிக்கிறது. தலைவர் அவர்களே, கால்களை மேசைக்குக் கீழே இழுத்துக்கொள்ள வேண்டாம், ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

என்னிடம் கேட்டால் தரமாட்டேன். மேலே வாருங்கள். உங்கள் செருப்பைக் கினார்ட் அவர்கள் கையாலே வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன வார்த்தை என்று நான் சொல்லித்தர மாட்டேன்.

யாரும் எழவில்லையா? சரி, காத்திருக்கிறேன். என் வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது, எனக்கு அவசரமில்லை.

ஆ! தூண் அசைகிறது! ஹக்கின் அவர்கள் வருகிறார்கள். வழிவிடுங்கள், வழிவிடுங்கள். எது உங்களுடையது? அந்தப் பெரியதா? கினார்ட் அவர்களே, எடுத்துக் கொடுங்கள். ஹக்கின், சத்தமாகச் சொல்லுங்கள், பின்வரிசைக்குக் கேட்கவேண்டும்.

"தம்பி... அது வந்து... தோள்ல பட்டது என்னுதுதான். இருந்துடுப்பா. போகாத."

தலைவரும் எழுந்துவிட்டார்! சுரங்கக்காரர்களும் எழுந்துவிட்டார்கள்! மெதுவாக, மெதுவாக, மேடை சிறியது! கினார்ட் அவர்களே, இவர்கள் கேட்டுவிட்டார்கள். இனி நீங்கள்தான் பேசவேண்டும்.

என்ன சொன்னார் என்று கேட்டதா? கேட்காதவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன்: "க்ரிமின்ஸ் அம்மா, டிசம்பருக்கு என் மாடி ரூம வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அதுக்குள்ள பனித்தளத்துக் கூரைய மட்டும் அடைச்சு வைக்கச் சொல்லுங்க."

கேட்டதா தலைவர் அவர்களே? கூரை உங்கள் பொறுப்பு!

கிண்ணம் போர்ட் மெர்வினில் இருக்கிறது. இருக்கட்டும், பெய்ன் அவர்களே, ஒரு வருடம் துடைத்துப் பளபளப்பாக வைத்திருங்கள். எனக்கு இன்று மனம் நிறைந்திருக்கிறது. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், சமையலில் தோள்கொடுத்த தாய்மார்களுக்கும், நின்றுகொண்டே தோற்ற என் ஏழு பிள்ளைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் இரண்டு காலிலும் செருப்பு மாட்டிக்கொண்டு, பத்திரமாக நம்ம ஊருக்குள் நடந்து வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!