சாட்சிக் கண்ணாடி

உங்கள் அறையில் சன்னலுக்கு மேலே ஒரு விரிசல் ஓடுகிறது. பயப்பட வேண்டாம், வெறும் பூச்சு விரிசல்தான். சுவருக்கு ஒன்றுமில்லை. எங்கே போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையை அப்புறம்தான் பார்ப்பேன்.

பதினேழு வருடமாக இதுதான் என் வேலை. பழுப்பு நிலக்கரி எடுக்கும் குழி வீடுகள் பக்கமாக நகர்ந்து வரத் தொடங்கியதும் சுரங்க நிர்வாகம் என்னைத் தெருத்தெருவாக அனுப்பியது. குழி என்றதும் கிணறு அளவுக்கு நினைத்துவிடாதீர்கள். விளிம்பில் நின்று பார்த்தால் அடியில் ஓடும் லாரிகள் தீப்பெட்டி மாதிரி தெரியும். அதில் தண்ணீர் ஊறாமல் இருக்கச் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். கிணறுகள் வற்றும், தண்ணீர் லாரியில் வரும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. அடியில் ஈரம் போனால் மண் மெதுவாக உட்காரும். மண் உட்கார்ந்தால் மேலே இருக்கும் வீடும் உட்காரப் பார்க்கும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உட்கார அதற்குத் தெரியாது, அவ்வளவுதான் சிக்கல்.

அதனால் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து இரு முனைகளையும் பசையால் ஒட்டிவிடுவோம். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி கீறிவிடும். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சாட்சி. வாரம் ஒரு தடவை ஏணியில் ஏறிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். தொடர்ந்து இரண்டு சாட்சி உடைந்தால் அந்த வீடு வசிக்கத் தகுதியற்றது. குடும்பத்தை நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் புதுக் குடியிருப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

தெருவில் என் பெயர் விரிசல் சார். என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். "நீங்க வர்றதுக்கு முன்னாடி எங்க சுவரு நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஒரு மளிகைக்கடைக்காரர் என்னிடமே சொன்னார். அவரையும் அனுப்பிவைத்தேன். அறுபத்து மூன்று வீடுகளை அப்படி அனுப்பியிருக்கிறேன். ஒருவர்கூடப் போகும்போது போய்வருகிறேன் என்று சொன்னதில்லை.

டெய்லரம்மா வீடு அந்தத் தெருவில் கடைசி. முன்னறையில் ஐந்து தையல் மெஷின். பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து கற்றுக்கொள்வார்கள். காற்று குழித் தூசியை அள்ளி வரும் நாளில் வெள்ளைத் துணியைத் தொட மாட்டார்கள். தொட்டால் பள்ளிச் சட்டை சாம்பல் நிறத்தில் வீடு திரும்பும். கணவர் பஸ் டிரைவர், பகலில் இருக்க மாட்டார். கூட இருந்தது அவள் தங்கை. ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால் அக்கா அவளுக்கு வைத்த பெயர் கேள்வி.

முதல் நாள் ஏணியோடு போய் நின்றபோது டெய்லரம்மா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"வாங்கண்ணே, முதல்ல உக்காருங்க. சுவரு எங்கயும் ஓடிடாது."

அதுவரை எந்த வீட்டிலும் என்னை உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். காபி வந்தது. அடுத்த புதன்கிழமையும் வந்தது. மூன்றாவது மாதம் எனக்கென்று ஒரு தம்ளர் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். என் சட்டைக் காலர் நைந்திருப்பதைப் பார்த்து, கழற்றச் சொல்லித் திருப்பித் தைத்துக் கொடுத்தாள். பனியனோடு நான் உட்கார்ந்திருக்க, அத்தனை பெண்களும் தைக்கிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

"சார், நீங்க சுவரைப் பாக்க வர்றீங்களா, காபியைப் பாக்க வர்றீங்களா?" என்றாள் கேள்வி.

"ரெண்டும் ஆறிப்போறதுக்குள்ள பாக்கணும்மா" என்றேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

விரிசல் இருந்தது முன்னறையின் பின்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே. தரையிலிருந்து பார்த்தால் கண்ணாடி இருப்பது தெரியும், கீறல் தெரியாது. ஐந்தாவது மாதம் முதல் சாட்சி உடைந்தது. நான் ஏணியில் நின்றிருந்தேன். கீழே ஐந்து மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னண்ணே, எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

இதைப் பொய் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கல்லும் விரிசல் விடுகிறதே. பையில் புதுப் பட்டை இருந்தது. பழையதைப் பெயர்த்துப் புதியதை ஒட்டி இறங்கினேன். காபி சூடாகவே இருந்தது.

அடுத்ததும் உடைந்தது. அதற்கடுத்ததும். நான் ஒவ்வொரு முறையும் நன்றாக யோசித்துத்தான் செய்தேன். புதுக் குடியிருப்பில் அவளிடம் யார் துணி கொடுப்பார்கள்? கற்க வரும் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போவார்கள். டிரைவருக்கு அங்கிருந்து பணிமனைக்கு வரவே அரை நாள் ஆகும். ஒரு மெல்லிய கண்ணாடிக்காக இத்தனை பேர் வாழ்க்கையைக் கலைப்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். என் காபியைப் பற்றி நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

ஒரு புதன்கிழமை நான் ஏணியை மடித்துக்கொண்டிருந்தபோது கேள்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"வேண்டாம்னா விட்டுடவா போற?"

"மெஷின்ல தூசி, கடிகாரத்துல தூசி, எங்க அக்கா மூக்குக்கண்ணாடில தூசி. உங்க சாட்சி மட்டும் எப்படி சார் குளிச்சிட்டு வந்த மாதிரியே நிக்குது?"

நல்ல கேள்விதான். மேலே காற்று அதிகம், தூசி தங்காது என்றேன். அவள் தலையாட்டினாள். சமாதானமாகாத தலையாட்டல் எனக்குத் தெரியும். அன்று முதல் பட்டைகளை அலுவலகச் சன்னல் விளிம்பில் ஒரு வாரம் வைத்து, தூசி படிந்த பிறகே எடுத்துப் போனேன். கைபடாமல் எடுத்துப் போவதற்குள் பெரும்பாடு.

அவள் அதோடு விடவில்லை. பிறகொரு புதன்கிழமை மேலே ஏறினால் கண்ணாடி குறுக்கே இரண்டாகக் கிடக்கிறது, ஓரத்தில் சிவப்பாக மூன்று புள்ளி. நகப்பூச்சு. என்னைச் சோதிக்க அவளே ஏறி வைத்திருக்கிறாள். பட்டையை மாற்றினால் புள்ளி போய்விடும், புள்ளி போனால் நான் மாட்டிக்கொள்வேன். ஏணியில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு புத்தி உள்ள பெண் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தேன்.

ஒரு முனையில் பசை விட்டிருக்கிறது, கையில் பசை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வந்து ஒட்டுகிறேன் என்று சொல்லி இறங்கினேன். அவளும் சும்மா இருக்கவில்லை.

"சார், திங்கக்கிழமையிலேருந்து கிளாஸைப் பழைய நூலகத்துக்கு மாத்தலாம்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். சாவி வாங்கியாச்சு."

"எதுக்கும்மா?"

"சும்மாதான் சார். மனசு சரியில்ல."

டெய்லரம்மா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கண்ணே. மெஷினைத் தூக்கிட்டு அலையணுமா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் வளையல் கடைக்குப் போனேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஊருக்கே தெரியும். பதினாலு சிவப்பைத் திறந்து பார்த்து அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்தேன். கடைக்காரம்மா விடவில்லை.

"யாருக்கு சார், இந்த வயசுல?"

"ஒரு சுவருக்கு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. நான் உண்மையைத்தான் சொன்னேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை. தூசியோடும் மூன்று புள்ளியோடும் புதுப் பட்டையைக் கொண்டுபோய் ஏறினேன். ஒட்டுவதற்கு முன்னால் விரிசலில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கணு வரை போனது. உள்ளிருந்து குளிர்ச்சியாகக் காற்று வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு விரலை எடுத்துவிட்டுப் பட்டையை ஒட்டினேன். விளிம்புகளைத் தொட அதன் நீளம் சரியாகப் போதுமாக இருந்தது.

நான் இறங்கியதும் கேள்வி என் ஏணியிலேயே ஏறினாள். பார்த்துவிட்டு இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"சார், உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"கேள்வி கேக்குறது தப்பில்லம்மா."

"அப்ப கிளாஸ் இங்கயே நடக்கட்டுமா?"

"தாராளமா நடக்கட்டும்" என்றேன்.

அன்றைக்குக் காபி அவள் கையால் வந்தது. சர்க்கரை கொஞ்சம் கூடுதல்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வந்தது. டெய்லரம்மா இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் வரிசையில் நிற்கும்போதுதான் அது நடந்தது. பின்சுவர் முன்னறைக்குள் சாய்ந்தது, கூரை அதைத் தொடர்ந்தது. உள்ளே நான்கு பேர். கற்க வந்த மூன்று பெண்கள், கேள்வி. ஒருவரும் பிழைக்கவில்லை. நான் அடுத்த தெருவில் ஏணியில் நின்றிருந்தேன். சத்தம் கேட்டதும் எது என்று எனக்கு உடனே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த சுவரை எழுதி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதியில் விட்டுப் போவது என் பழக்கமில்லை.

விசாரணை நடந்தது. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்ததால் பாரம் தாங்கவில்லை என்று டிரைவர் மேல் பழியைப் போட்டார்கள். அவர் மறுக்கவில்லை, தலை நிமிரவும் இல்லை. டெய்லரம்மாவைக் கேட்டபோது அவள் என்னைக் காட்டி, "அண்ணன் வாராவாரம் ஏறிப் பாத்தாரு, பாவம். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரு" என்றாள். அறிக்கையில் என்னைப் பற்றி இரண்டே வரி. ஆய்வாளர் விரிசலைச் சரியாகப் பார்க்கவில்லை. கவனக்குறைவு.

யாரும் கூப்பிடாமல் நானே உங்களிடம் வந்தது அதற்காகத்தான். டிரைவரை விட்டுவிடுங்கள், தொட்டியில் அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. என் மேல் என்ன பிரிவு போடுகிறீர்களோ போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். அந்தச் சுவரில் பதினொரு கண்ணாடி உடைந்தது. பதினொன்றையும் நான்தான் பார்த்தேன், நான்தான் மாற்றினேன். அந்த வீட்டை என்னளவுக்குக் கவனித்துக்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை.