ஆள் இப்போதுதான் போன வீடு

வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல் என் வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. அனிமேஷன் தொடர்களில் ஆட்களுக்குப் பின்னால் வீடும் தெருவும் தெரிகிறதல்லவா, அதற்கெல்லாம் நிஜத்தில் ஓர் இடத்தைத் தேடிப் படம் எடுத்துக் கொடுப்பேன். அதைப் பார்த்து ஓவியர்கள் வரைவார்கள். உங்கள் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருக்கிறேன், குரல் உயர்த்திப் பேசியதில்லை. பூட்டிப்போன அவர் வீட்டுக்குள் என்னைக் கண்டு நீங்கள் திகைத்தது நியாயம்தான். உட்காருங்கள். அந்த நாற்காலி மட்டும் வேண்டாம், அதிலுள்ள தூசி எனக்குத் தேவைப்படுகிறது.

எங்கள் இயக்குநர் நுமாஜிரிக்கு ஒரு பிடிவாதம். கண்ணால் பார்க்காத எதையும் வரைய விடமாட்டார். புதிய தொடருக்கு ஆளில்லாத வீடு ஒன்று கேட்டார். நம் நெரிமா வட்டாரத்தில் இல்லாத பாழ்வீடா? அலைந்து திரிந்து படங்களைக் கொண்டுபோய்க் கொட்டினேன். மனிதர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

“இதெல்லாம் எப்பவோ செத்த வீடுய்யா, குசகா. ஆள் இப்பத்தான் போன வீடு வேணும். காலண்டர் தொங்கணும், செருப்பு கெடக்கணும். இது கூட முடியலன்னா உன்ன வச்சு நான் என்ன பண்றது?”

எனக்குச் சுருக்கென்றது. உங்கள் அப்பா தொகிவா சாரின் வீட்டில் காலண்டரும் இருந்தது, செருப்பும் இருந்தது. ஒரே குறை, அவரும் இருந்தார்.

அப்போது ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த எங்கள் பழைய தொடரில் கதாநாயகி வீடு மாறும் காட்சி வந்தது. இந்த வீட்டைப் படம் எடுத்துக் கொடுத்தேன், தபால் பெட்டி முதல் மாடி ஜன்னல் வரை. நம் ரசிகர்களைத்தான் தெரியுமே, படத்தில் பார்த்த இடத்தைத் துப்பறிந்து யாத்திரை வந்துவிடுவார்கள். வந்தார்கள். குப்பை போடவில்லை, கூச்சல் போடவில்லை. கதாநாயகியின் அறை என்று மாடி ஜன்னலைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் அப்பா என்னிடம் ஓடிவந்தார்.

“தம்பி, என் ஜட்டி காயுற ஜன்னலப் பாத்துக் கும்பிடறானுங்கப்பா! இனிமே நான் எங்க போயி காயப்போடுறது?”

“சின்னப் பசங்க சார், பாவம். ஒரு வாய் டீ குடுங்க, திருப்தியாப் போயிடுவாங்க.”

கொடுத்தார். டீ கிடைக்கிறது என்ற சேதி பரவிக் கூட்டம் இரட்டித்தது. ‘தயவுசெய்து இங்கே நிற்காதீர்கள்’ என்று பலகை எழுதி வைத்தார். நல்ல கையெழுத்து. அதைப் படம் எடுத்து அனுப்பினேன், அடுத்த பகுதியில் பலகையும் வந்தது. எங்கள் துறையில் எதையும் கடைசி நேரத்தில்தான் வரைவார்கள், அது வசதியாகப் போயிற்று. அப்புறம் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொள்ளவே தனியாக ஒரு கூட்டம் வந்தது. அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை என்றார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. சூப் வைத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் நீகாதாவில் உங்களோடு இருக்கட்டும் என்று யோசனை சொன்னதும் நான்தான். சாவியை என் கையில் கொடுத்துக் குனிந்து வணங்கினார்.

“நீ ஒருத்தன்தான் தம்பி எனக்கு ஆறுதலா இருந்த. அப்பப்ப ஜன்னலத் தொறந்து விடு, இல்லன்னா பூஞ்சை புடிச்சுடும்.”

திறக்கவில்லை. புதிய தொடர் போகப்போக அந்த வீடும் பாழாகவேண்டும். பூஞ்சை தானாகப் படரவேண்டும், கற்பனையில் வரைந்தால் காட்டிக்கொடுத்துவிடும். படங்களைப் பார்த்த நுமாஜிரிக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

உங்கள் அப்பா அடிக்கடி போன் செய்வார். “கூட்டம் போயிருச்சா தம்பி? என் வீட்ல படுத்தாத்தான்யா எனக்குத் தூக்கம் வரும்” என்பார். பழைய தொடர் முடிந்து வெகுநாளாயிற்று, தெருவில் ஈ காக்கை இல்லை. ஆனால் புதிய தொடரின் கடைசிப் பகுதிக்கு ஒழுகும் கூரை வேண்டும். ஓடுகளை நகர்த்தி வைத்துவிட்டேன், இனி ஒரு மழைக்காலம் போகவேண்டும். அதனால் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். நீங்கள் முறைப்பதற்கு இதில் பொய் ஏதுமில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு தினமும் ஒருவன் வரத்தான் செய்கிறான்.