நான் போகாத சாவு இல்லை

சாவு வீட்டில் போடும் சோளக்களியும் அவரைக் குழம்பும் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா. ஆனாலும் உகாண்டாவில் எங்கள் புசோகா வட்டாரத்தில் நான் போகாத சாவு இல்லை. ஒருமுறை நான் இரங்கல் பேசிக்கொண்டிருந்தபோது செத்தவரே பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவரைப் படுக்கச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்தேன்.

உள்ளாட்சித் தேர்தலில் நின்றபோது, உங்கள் கொள்கை என்ன என்று கேட்டார்கள். இரக்கம், உண்மை, பொறுமை என்றேன். ஆம்புலன்ஸில் வரைந்திருந்த என் முகத்துக்குக் கீழே அவற்றை எழுதியும் வைத்தேன். வண்டி ஊர்ப் பணத்தில் வாங்கியது. பத்திரமாக இருக்கட்டும் என்று என் வீட்டு வளவில் நிறுத்திக்கொண்டேன்.

ஓட்டுப்போடும் வாரத்தில் வைஸ்வா ஓடிவந்தான். எதிராளியின் படம் போட்ட பனியன்.

"பெரியவரே, வண்டிய அனுப்புங்க. என் பொண்டாட்டி நைகாகா நேத்துலேருந்து வலியில துடிக்கிறா. புள்ள குறுக்கால கிடக்குதாம்."

"டிரைவர்கிட்ட சாவி இல்லப்பா. கொஞ்சம் பொறுமையா இரு."

"பொறுமையா? உங்க மூஞ்ச வரையத்தான் ஊரு வண்டி வாங்குச்சா? யார்கிட்டய்யா சாவி?"

டிரைவரிடம் சாவி இல்லை என்பது உண்மை. அது என் சட்டைப் பையில் இருந்தது.

பனியனைப் பார்த்துச் செய்தேன் என்று விசாரிக்க வந்த உங்களிடம் அவன் புகார் சொல்லியிருப்பான். நான் அவ்வளவு அற்பன் இல்லை. பிள்ளை பிறந்த வீட்டில் யாரும் மைக் கொடுப்பதில்லை. சாவு வீட்டில் கொடுக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் அவளை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சதுப்பைத் தாண்டுவதற்குள் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

உடலை எடுத்துவர வண்டியை உடனே அனுப்பினேன். பெட்டியும் என் செலவு, கண்ணாடி வைத்தது. அடக்கத்தில் நான் பேசப் பேசப் பெண்கள் மண்ணில் உருண்டு அழுதார்கள். வைஸ்வா மட்டும் பெட்டிமேல் கைவைத்தபடி என்னைப் பார்த்தான்.

"இப்ப சாவி கிடைச்சிடுச்சா, பெரியவரே?"

ஓட்டுப்போடும் ஜனங்கள் முன்னால் கேட்டான். நன்றி கெட்டவன். நான் ஜெயித்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் என் வாசலில் கெஞ்சிக்கொண்டு நின்றபோதே இரங்கல் பேச்சின் முதல் வரியை யோசித்துவிட்டேன். அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள். ஆனால் மைக்கைப் பிடித்து நான் அழுதது நிஜம், ஐயா. இரக்க விஷயத்தில் நான் நடித்ததே இல்லை.